சிப்பித் தெருவின் பனிச்சாறு

சிப்பித் தெருக்காரர்கள் அன்று காலை பாடை கட்டிக்கொண்டு நகரக் குளிர்ச்சி வாரியத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பாடையில் பிணம் கிடையாது. வீட்டுச் சுவரில் மாட்டுகிற குளிர்த்தட்டு ஒன்றைக் கழற்றி, வெள்ளை வேட்டி போர்த்தி, சம்பங்கி மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். முன்னால் பேண்டு செட். பின்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், மூச்சு வாங்கும்போது சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். வாசல் காவலர் தடுப்பதா, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வதா என்று தெரியாமல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த தலைமைப் பொறியாளர் ஞானதுரை, பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

"சந்தனமாரி, நீ போய்ப் பேசும்மா. நீதான் உள்ளூர்க்காரி."

"நான் கணக்குப் போடுறவ சார். சமாதானம் பேசுறவ இல்ல."

"கணக்காலதான் வந்திருக்காங்க. போ."

தூத்துக்குடியில் மே மாத வெயில் ஐம்பது டிகிரியைத் தொட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்கு வீடு ஏசி மாட்டிய காலம் முடிந்துவிட்டது. உள்ளே குளிர வைத்துவிட்டு வெளியே அது துப்பிய சூட்டில் தெருவே அடுப்பாகிப்போனதால் அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது. இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பம்பு நிலையம் இருந்தது. அங்கிருந்து குளிர்ந்த திரவம் ஒன்று குழாய் வழியாக ஊருக்குள் போகும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உள்ள தட்டுக்குள் அது கொதித்து ஆவியாகும். கொதிப்பதற்கு வேண்டிய சூட்டை அறையிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்; அறை குளிரும். ஆவி இன்னொரு குழாயில் நிலையத்துக்குத் திரும்பி, சூட்டை ஆழ்கடலில் விட்டுவிட்டு, மறுபடி திரவமாகும். அந்தத் திரவம் எரியாது, விஷமும் கிடையாது. அதன் வேதிப்பெயர் வாரியத்திலேயே பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. ஊரில் எல்லாரும் அதைப் பனிச்சாறு என்றார்கள்.

எந்தக் குழாயில் எவ்வளவு சாறு, எந்த வால்வு எப்போது மூட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது கணினியில் ஓடும் ஒரு கணக்கு நிரல். வாரியத்தில் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். "பெரியவர் சொல்லிட்டார்" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பெரியவரைப் பராமரிப்பதுதான் சந்தனமாரியின் வேலை.

கீழே அவளை எதிர்கொண்டவள் பிரகாசி. சிப்பித் தெரு நலச் சங்கத் தலைவி. படகு மோட்டார் பட்டறை நடத்துகிறவள். ஐம்பது வயதிருக்கும். ஒப்பாரியை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தியதும் மொத்தக் கூட்டமும் சுவிட்சைத் தட்டியதுபோல் அடங்கியது.

"பாருங்க மேடம். உச்சிக்குச் செத்துப்போவுது, வெயில் தாழ உசுர் வருது. ஏசப்பாவே மூணாம் நாள்தான் எந்திரிச்சாரு. இது தினமும் எந்திரிக்குது. அடக்கம் பண்ணலாமா கூடாதா, நீங்களே சொல்லுங்க."

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, எத்தனையோ முறை சொன்ன விளக்கத்தைச் சொன்னாள். சிப்பித் தெரு குழாயின் கடைசிக் கோடியில் இருக்கிறது. ஊரைத் தாண்டி வருவதற்குள் அழுத்தம் குறைந்துவிடும். அழுத்தம் குறைந்தால் சாறு வழியிலேயே கொதித்து நுரையாகிவிடும். நுரை புகுந்த குழாயில் மிச்சத் திரவம் குண்டுபோல ஓடிவந்து மோதிக் குழாயை உடைக்கும். அதனால் உச்சி வெயிலில், ஊர் முழுக்கச் சாறு இழுக்கும் நேரத்தில், உங்கள் தெரு வால்வை மூடிவிடுகிறோம்.

"எல்லாம் சரி," என்றாள் பிரகாசி. "போன மாசம் மந்திரி எங்க கோயில் திருவிழாவுக்கு வந்தாருல்லா, அன்னைக்கு மட்டும் மத்தியானம் முழுக்க ஜில்லுன்னு வந்துச்சே, அது எப்படி? மந்திரியப் பாத்தா உங்க சாறு நுரைக்காதோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரகாசி சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "போன வருசம் இதே மாசம் எங்க தெருவுல ரெண்டு பேரு சூட்டுல மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாவ. ஒருத்தரு திரும்பி வரல. இந்தக் கூத்தெல்லாம் அதுக்காகத்தான் மேடம்."

பாடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். பேண்டு செட்காரர்கள் போகும்போது ஒரு கல்யாணப் பாட்டு வாசித்தார்கள்.

மாடி ஏறும்போதே மந்திரி விஷயம் அவள் மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. ஏனென்றால் அன்றைக்கு யாரும் மந்திரிக்காக வால்வைத் திறந்துவிடவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அந்த வால்வின் மோட்டார் எரிந்துபோய், வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் மூடச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். குழாயின் அந்தப் பகுதி முழுக்க நுரைதான் என்று அவர் அன்றைக்கும் அடித்துச் சொன்னார்.

நுரை வந்திருந்தால் தட்டு குளிர்ந்திருக்காது. தட்டு குளிர்ந்திருக்கிறது. அப்படியானால் வந்தது திரவம்.

பெரியவர் சொன்னது தப்பு.

மறுநாள் காலை அவள் கணவன் பாலவேசம் மைக்ரோவேவில் தண்ணீர் சூடாக்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எதையும் அவசரமாகச் செய்கிற ஆள். கண்ணாடி டம்ளரை வெளியே எடுத்தான். தண்ணீர் அசையாமல் பளிங்குபோல் இருந்தது.

"சூடே ஆகலையே," என்றபடி காப்பிப் பொடியை ஒரு கரண்டி போட்டான்.

டம்ளர் சீறியது. தண்ணீர் கூரையைப் பார்த்து எழும்பி, மேடை, சட்டை, காலண்டர் எல்லாவற்றிலும் காப்பி தெளித்தது.

"என்ன மாரி இது, பாம்பு மாதிரி!"

சந்தனமாரி கைத்துணியை எடுக்க மறந்து நின்றாள். "கை பட்டுச்சா?"

"இல்ல. ஆனா சும்மா இருந்த தண்ணி..."

"சும்மா இல்ல பாலா. அது கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டிருச்சு. கொதிக்க ஆரம்பிக்க ஒரு இடம் வேணும், ஒரு சொரசொரப்பு, ஒரு தூசி. வழவழன்னு இருக்கிற கண்ணாடியில அது இல்ல. அதனால திரவமாவே காத்துக்கிட்டு நின்னுது. நீ பொடியைப் போட்ட, இடம் கிடைச்சிருச்சு." அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. "நம்ம குழாய்க்குள்ள பூச்சு எப்படி இருக்கும் தெரியுமா? இந்த டம்ளரை விட வழவழப்பு!"

காலண்டரைத் துடைத்துக்கொண்டே பாலவேசம் கேட்டான்: "அப்போ உங்க பெரியவருக்கு இது தெரியாதா?"

"அவருக்குக் குடுத்திருக்கிற நிலைச் சமன்பாட்டுல அது இல்ல. ஒரு பொருளோட அழுத்தம், சூடு, அடர்த்தி, இந்த மூணுல ரெண்டைச் சொன்னா மூணாவதைச் சொல்றதுதான் நிலைச் சமன்பாடு. பெரியவர் திரவத்தையும் ஆவியையும் சேர்த்து ஒரே சமன்பாட்டுல வச்சிருக்கார். கூட்டுக்குடும்பம் மாதிரி. ரெண்டுக்கும் ஒரே சூடு, ஒரே அழுத்தம், ஒரே அடுப்பு. அழுத்தம் குறைஞ்ச அந்த நொடியே திரவத்துல பாதி ஆவியாயிரணும். காத்திருக்கிற பேச்சே கிடையாது. ஆனா நிஜத்துல ரெண்டும் தனிக்குடித்தனம். திரவத்துக்கு ஒரு விதி, ஆவிக்கு ஒரு விதி. நடுவுல ஒரு கதவு. அந்தக் கதவு எவ்வளவு வேகமாத் திறக்கும்ங்கிறதுதான் விஷயமே."

"கதவு இறுகிப்போய்க் கிடந்தா?"

"சிப்பித் தெரு வரைக்கும் சாறு சாறாவே போகும்."

ஞானதுரை முழுதையும் கேட்டார். அவர் பொறுமையான மனிதர்; எதிராளி பேசி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பார். முடித்ததும் மூடியைக் கீழே வைத்தார். "உன் வீட்டு டம்ளர் கடைசியில என்னாச்சு?"

"சீறிருச்சு சார்."

"அதேதான். கொதிக்காமக் காத்திருக்கிற திரவம் இருக்கு பாரு, அது நுரையை விட மோசம். எப்போ விழிக்கும்னு தெரியாது. விழிச்சா மொத்தமா விழிக்கும். அந்த மாதிரி ஒண்ணை ஜனங்க வீட்டுச் சுவருக்குள்ள அனுப்பச் சொல்றியா? பழைய சமன்பாடு தப்பாவே இருக்கட்டும். ஆனா பாதுகாப்பான பக்கமாத் தப்பு பண்ணுது."

"யாருக்குப் பாதுகாப்பு சார்? குழாய்க்குத்தானே? வருஷம் பூரா, தினம் மத்தியானம், அதே தப்பு அதே ஜனங்க தலையிலதான் விழுது. போன வருஷம் ஒருத்தர் செத்திருக்கார். குழாய் வெடிச்சுச் செத்திருந்தா விசாரணைக் கமிஷன் வச்சிருப்போம். வால்வை மூடினதால செத்தா அது வெயில் கணக்குல போயிருது."

ஞானதுரை எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே பாடை இன்னும் கிடந்தது, மாலை வாடிவிட்டது. எடுத்துப் போடச் சொன்னால் அபசகுனம் என்று துப்புரவுப் பணியாளர்கள் மறுத்துவிட்டார்களாம்.

"குழாய்க்குள்ள திரவம்தான் இருக்குன்னு எப்படிக் காட்டுவ?" என்றார் கடைசியில்.

"சத்தத்தால சார். பம்பு நிலையத்துல வால்வை ஒரு சுண்டு சுண்டுவோம். அந்த அதிர்ச்சி சாறு வழியா ஓடும். முழுக்கத் திரவம்னா கால் நிமிஷத்துல சிப்பித் தெருவுக்குப் போயிரும். நுரைன்னா சத்தம் நொண்டும். தண்ணியிலயும் வேகமா ஓடும், காத்துலயும் வேகமா ஓடும், ரெண்டும் கலந்த நுரையில மட்டும் அதுக்குக் காலே வராது. ஸ்கூட்டர் வேகம்தான் இருக்கும்."

ஞானதுரை முதல் முறையாகச் சிரித்தார். "அப்போ ஒரு ஸ்கூட்டரை விட்டே பாத்துரலாம். ஜனங்களுக்கும் புரியும். ஆனா ஒண்ணு. குழாய் உடையுறதா இருந்தா முதல்ல நான்தான் அங்க நிக்கணும். சம்மதம்னா செய்வோம்."

இப்படித்தான் அந்த வினோதமான பந்தயம் ஏற்பாடானது. அதிர்ச்சிக்கு எதிராகப் பம்பு நிலையத்திலிருந்து சிப்பித் தெருவுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பாலவேசம் தானாகவே முன்வந்தான். மே மாத உச்சிவெயில். குழாய்க்கு அருகில் இருக்கும் வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தேவாலய மண்டபத்துக்குப் போகும்படி சிப்பித் தெருவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் காலி செய்தார்கள், மண்டபத்துக்குப் போகவில்லை. தெருமுனையில் கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னால், பாய்மரத் துணியை விரித்துப் பந்தல் போட்டு, நன்னாரி சர்பத்தும் மசால் வடையுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் குழாயின் கடைசி அழுத்தமானி. அதன் முன்னால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஞானதுரையும் சந்தனமாரியும். பிரகாசி கயிற்றைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அந்தப் பக்கம் போங்கக்கா," என்றாள் சந்தனமாரி.

"எங்க தெரு முள்ளு ஆடுறத நான் பாக்காம யாரு பாக்குறது?"

ஞானதுரை தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிரகாசி கொண்டையோடு அதை மாட்டிக்கொள்ளப் பட்ட பாட்டைப் பார்த்துப் பந்தலில் விசில் பறந்தது.

பெரியவரின் கட்டளையை மீறி வால்வு திறந்தே இருந்தது. அலுவலகத்திலிருந்து அவர் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் நுரை, நுரை, நுரை.

சந்தனமாரி போனில் சொன்னாள்: "பாலா, தயாரா?"

"எப்பவோ தயார். ஹெல்மெட்டுக்குள்ள வேகுது. சீக்கிரம்!"

"மூணு... ரெண்டு... ஒண்ணு. சுண்டுங்க!"

போனில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சிப்பித் தெரு வரலாற்றில் முதன்முறையாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்தத்துக்காக ஊரே கூச்சல் போட்டது. "வா! வா! வந்துரு! பாலவேசம் சாரை முந்திரு!"

முள் அசையவில்லை. இன்னும் அசையவில்லை. ஒருவேளை பெரியவர் சொன்னதுதான் சரியோ என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கிளம்பிய அதே நேரம்...

முள் துள்ளியது.

"ஆடிச்சு!" என்று பிரகாசி போட்ட கத்தலில் கடல் காகங்கள் எழும்பிப் பறந்தன. போனில் பாலவேசத்தின் குரல்: "மாரி, நான் இன்னும் துறைமுக கேட்டையே தாண்டலையே. என்னாச்சு?"

"தோத்துட்ட பாலா!" சிரிப்பும் கண்ணீரும் அவளுக்கு ஒன்றாக வந்தன. "நல்லாத் தோத்துட்ட!"

பேண்டு செட் முழங்கியது. முழங்கிய அந்தச் சமயத்தில் குழாய்க்குள் ஏதோ ஒன்று டொம்மென்றது.

தரை அதிர்ந்தது. அழுத்தமானி முள் ஒரேயடியாக ஓரத்துக்குப் போய் முட்டியது. ஞானதுரை இரண்டு பெண்களையும் தோளைப் பிடித்துக் கீழே தள்ளித் தானும் விழுந்தார். அடுத்த நொடி, தெருக்கோடியில் இருந்த காப்பு வால்வு திறந்து, வெள்ளை வெளேரென்று ஒரு தூண் வானத்தைப் பார்த்துச் சீறி எழுந்தது. தென்னை மரத்தைத் தாண்டி எழுந்தது. கொஞ்ச நேரம் சீறிவிட்டுத் தானாகவே அடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சிப்பித் தெருவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். கடற்காற்றின் ஈரம் அந்தக் குளிரில் உறைந்து, பொடிப்பொடியாக, பூப்பூவாக, மே மாத உச்சிவெயிலில் தூத்துக்குடியில் பனி கொட்டியது. பந்தல் மேல், வடைச் சட்டி மேல், பேண்டு செட்டின் பித்தளை மேல். பிறகு கிழவர்கள், குழந்தைகள் என்றில்லாமல் எல்லாரும் கையை விரித்துக்கொண்டு ஓடினார்கள். வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தார்கள்.

மண்ணில் உட்கார்ந்தபடியே ஞானதுரை சட்டையில் விழுந்த பனியைத் தட்டினார். குழாயைப் பார்த்தார். உடையவில்லை. சந்தனமாரியைப் பார்த்தார்.

"நீ சொன்னதும் சரி. நான் பயந்ததும் சரி."

"ஆமா சார். நாம சுண்டின சுண்டுல தூங்கிக்கிட்டிருந்தது முழிச்சிருச்சு."

"அப்போ தூங்க விடாத மாதிரி ஏதாவது செய்."

அதைத்தான் அவள் செய்தாள். பெரியவரின் கூட்டுக்குடும்பத்தைப் பிரித்து, திரவத்துக்கு ஒரு சமன்பாடு, ஆவிக்கு ஒரு சமன்பாடு, நடுவில் கதவுக்கு ஒரு சமன்பாடு என்று எழுதினாள். பழையதைவிடப் பல மடங்கு வேலை வாங்கியதால் புதிய கணினிகள் கேட்டு மூன்று கமிட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அங்கேயெல்லாம் அவளுக்காகப் பேசியவர் ஞானதுரை. குழாயில் சிறிது தூரத்துக்கு ஒன்றாகச் சொரசொரப்பான வளையங்கள் போட்டார்கள், சாறு மொத்தமாக விழிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விழிப்பதற்கு. வளையம் மாட்டும் வேலையைச் சிப்பித் தெருவில் பிரகாசியின் பட்டறைக்கே வாரியம் கொடுத்தது.

அடுத்த கோடை வந்தது. சிப்பித் தெருவில் மத்தியானம் சாறு நிற்கவில்லை. நகரின் நடுப்பகுதியில் அரை டிகிரி குளிர் குறைந்தது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சந்தனமாரியின் வீட்டுக்கு வாரம் தவறாமல் மீன் வந்தது. பாலவேசத்தைத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "சத்தத்துக்கிட்ட தோத்த சார்" என்று கூப்பிட்டார்கள். அவனும் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

ஒரே ஒரு குறை. சந்தனமாரியின் புதிய கணக்கு ஓரிடத்தில் ஒட்டவில்லை. மற்ற தெருக்களில் கணக்கும் அளவீடும் அச்சு வார்த்ததுபோல் பொருந்தின. சிப்பித் தெருவில் மட்டும், உச்சிவேளையில், வீடுகள் எடுத்துக்கொள்ளும் சாறு பாதியாகக் குறைந்தது. ஆனாலும் குழாயில் வரும் சாறு குறையவில்லை. எங்கோ, கடைசி வீட்டுக்கும் அப்பால், எதுவுமே இல்லாத இடத்தில், பனிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

"கதவுச் சமன்பாடு தப்பாப்போச்சு சார்," என்று ஞானதுரையிடம் முறையிட்டாள். ஒரு மாதமாக அதைத் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டாள். மற்ற எல்லாத் தெருவும் கெட்டுப்போனதே ஒழிய இது சரியாகவில்லை.

"கசிவா இருக்கும். நேர்ல போய்ப் பாரேன்."

போனாள். உச்சிவெயிலில் சிப்பித் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள், ஆளில்லை. அடுத்த வீடு திறந்தே கிடந்தது; உள்ளே போய்ச் சுவர்த் தட்டைத் தொட்டுப் பார்த்தாள், அணைந்திருந்தது. எட்டாவது வீட்டில்தான் மனிதக் குரல் கேட்டது. உள்ளே நாலைந்து குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தன.

"ஏன் எல்லா வீட்டுலயும் அணைச்சு வச்சிருக்கீங்க?"

ஆட்டம் நின்றது. "பிரகாசிகிட்ட கேளுங்க மேடம்," என்றார் ஒரு கிழவர்.

பிரகாசி பட்டறையில் இல்லை. கடைசி வீட்டைத் தாண்டி மண்பாதை உப்பளத்துக்குப் போகிறது. குழாய் முடிகிற இடத்தில், வரைபடத்தில் மூடி என்று குறித்திருந்த இடத்தில், மூடி இல்லை. அங்கிருந்து படகு மோட்டாருக்குப் போடுகிற கெட்டியான குழாய்கள் இரண்டு, சாறு போக ஒன்று, ஆவி திரும்ப ஒன்று, சாக்கு சுற்றி, மண்ணுக்குள் புதைந்து உப்பளப் பக்கம் போயிருந்தன. இந்த அழுத்தத்தில், அனுமதி இல்லாமல்! திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே சந்தனமாரி அவற்றைத் தொடர்ந்து நடந்தாள்.

பாத்திகளில் வெள்ளை உப்பு கண்ணைக் கூச வைத்தது. நடுவில் ஓலை வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது.

உள்ளே முப்பது நாற்பது பேர், பெண்கள் பாதி, உப்பு பூத்த கால்களை நீட்டிப் படுத்திருந்தார்கள். பலர் கண்களில் ஈரத்துணி போட்டிருந்தார்கள். மூலையில் ஸ்பானரோடு குனிந்திருந்த பிரகாசி நிமிர்ந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீயளா," என்றாள். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. "வளையமும் போட்டிருக்கேன் மேடம், வாரிய அளவுப்படி. காப்பு வால்வும் இருக்கு. எங்க வீடுகள்ல உச்சிக்கு அணைச்சிட்டு, நாலு வீட்டுக்காரவ ஒரே வீட்டுல இருந்துக்கிடுதோம். மிச்சம் இங்க வருது."

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டோம். குடியிருப்புக்குத்தான் குளிர், வேலைத்தலத்துக்குக் கிடையாதுன்னுட்டாவ. இவுக பொழுதுக்கும் இருக்கிறது இங்கதானே?"

பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண் கண் துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி என்று பெயர் சொன்னாள். கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன. "இப்ப எரிச்சல் குறைஞ்சிருக்கு மேடம். போன கோடையில மத்தியானத்துக்கு மேல பாத்தி வரப்பே தெரியாது எனக்கு. நிறுத்திராதீங்க."

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டுச் சந்தனமாரி கொட்டகையைச் சுற்றி வந்தாள். குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒரு குமிழ் எழவில்லை. வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். வரைபடத்தில் சிப்பித் தெரு முடியும் இடத்திலிருந்து ஒரு கோடு இழுத்தாள்; கோட்டின் முனையில் ஒரு கொட்டகை போட்டாள். பெரியவரைக் கணக்குப் போடச் சொன்னாள்.

ஒட்டாமல் ஒரு மாதம் படுத்திய எண்கள் தானாகப் போய்ப் பொருந்திக்கொண்டன. சமன்பாடு முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

போன் அடித்தது. ஞானதுரை.

"என்னம்மா, கசிவு எங்கேன்னு தெரிஞ்சுதா?"

சந்தனமாரி கொட்டகையைப் பார்த்தாள். பிரகாசி வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் முத்துப்பேச்சியும் இன்னும் நாலைந்து பேரும் வந்து நின்றார்கள்.

"கசிவு இல்ல சார். நாற்பது பேர். உப்பளத்துல. வரைபடத்துலயும் போட்டுட்டேன்."

மறுமுனையில் பேனா மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"இடத்துக்குப் பேர் என்ன போட்டிருக்க?"

"இன்னும் போடல சார்."

"அவங்ககிட்டயே கேட்டுப் போடு," என்றார் ஞானதுரை. "நான் கிளம்பி வரேன். அங்க உட்கார இடம் இருக்குமா?"